வாப்பாவின் கையில் போன்

வயது போனவர்களுக்குப் புதிய கருவி என்றாலே பயம் என்று நினைப்பவர்கள், எலுவன்குளத்துக்கு வந்து கங்கேவாடிக் கரையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும். கலா ஓயா புத்தளம் களப்பில் வந்து விழும் இடம் அது. ஒரு பக்கம் வில்பத்துக் காடு, கரை நெடுகக் கண்டல் மரங்கள், இறாலும் நண்டும் தேடிப் போய்த் திரும்பும் தோணிகள். அந்தத் தொழிலில் எழுபதைத் தாண்டிய ஒருவர் தன் ஆயுளில் கைவிட்டவற்றையும் கைக்கொண்டவற்றையும் எண்ணிப் பார்த்தால், நம் பிள்ளைகள் போன் மாற்றியதெல்லாம் ஒரு மாற்றமே இல்லை.

அவருடைய தகப்பன் காலத்தில் பருத்தி நூல் வலை. உக்கிப் போகாமலிருக்கப் பட்டைச் சாயத்தில் தோய்த்து வெயிலில் காயப்போட வேண்டும். 1950களில் அரசு இயந்திரப் படகுகளையும் நைலோன் வலையையும் பரப்பத் தொடங்கியது. பாய் போய் வெளியிணைப்பு இயந்திரம் வந்தது. மரம் போய்ப் பைபர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கடன் வாங்கி, கைப்பழக்கத்தையும் மாற்றிக்கொண்டார்கள். திறந்த மனம் பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. மீன் பட்டது, மாறினார்கள்.

தங்கூசி எனும் ஒற்றை இழை வலையும் புதுமைதான். மலிவு, தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குத் தெரியாது, குஞ்சு குருமான் எல்லாம் சேர்ந்து படும். 2006இல் அரசு அதைத் தடை செய்தது. இன்றும் அதை வேண்டாம் என்று சொல்லும் கிழவரைப் 'பழைய ஆள்' என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அறிந்து மறுப்பது வேறு, தொட்டும் பாராமல் மறுப்பது வேறு. முதலாவதற்கு முதுமைக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவதைத்தான் நான் சோம்பல் என்பேன்.

பிறகு ஏன் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் அதே மனிதர் தொடுதிரைக்கு முன்னால் தயங்குகிறார்? இயந்திரம் பழுதானால் சத்தத்தில் காட்டிக்கொடுக்கும். போனோ, ஒரு புதுப்பிப்பு வந்தால், நேற்றிருந்த பொத்தானை இன்று வேறிடத்தில் வைத்திருக்கும். பத்தாதற்கு, ரகசிய இலக்கம் கேட்டுக் காசைப் பறிக்கும் அழைப்புகள். இந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

தேவை வந்தால் தயக்கம் எப்படிப் பறக்கும் என்பதையும் கண்டோம். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது தேசிய எரிபொருள் அட்டை வந்தது. அப்போது கியூ.ஆர். குறியீட்டைக் காட்டினால்தான் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லீட்டர் கிடைத்தது. அதுவரை போனில் பேச மட்டுமே தெரிந்திருந்தவர்களும் சில வாரங்களில் திரையை நீட்டப் பழகினார்கள். கேரளத்து மீனவர் கதையும் இதுதான். 1997க்கும் 2001க்கும் இடையில் அங்கே கைபேசி வந்த விதத்தை ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை நல்லது என்று கேட்டறிந்ததால், முன்பு வாங்க ஆளில்லாமல் கொட்டப்பட்ட சாளை மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது.

தேவை இருந்தும் பழகாதவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் தடை. "இதை எப்படி அனுப்புவது?" என்று கேட்டு வாய் மூடுமுன், "தாங்க வாப்பா" என்று மகன் போனைப் பறித்து, நாலு தட்டுத் தட்டி, "முடிஞ்சு" என்று திருப்பிக் கொடுக்கிறான். உதவிதான். ஆனால் வாப்பா எதையும் படிக்கவில்லை. அடுத்த முறை கேட்கவும் கூசுகிறார். இதே வாப்பா அவனுக்குத் தோணி விடப் பழக்கியபோது துடுப்பை அவன் கையில்தான் கொடுத்தார். தோணி கண்டலுக்குள் போய்ச் செருகிக்கொண்டாலும் திரும்ப வாங்கவில்லை.

பெரியவர்களே, ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்க வெட்கப்படாதீர்கள். பிள்ளைகளே, வாப்பா போனை நீட்டும்போது கையில் வாங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தட்டுவது என்று வாயால் மட்டும் சொல்லுங்கள்.