கூண்டைத் திறப்பது தருமமா?



கூண்டில் அடைபட்ட கிளியைப் பறக்கவிடுவது புண்ணியம் என்றே சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். அதில் என்ன குற்றம் இருக்கக்கூடும் என்பீர்கள். சீஷெல்ஸ் தீவுகளில் நடந்ததைச் சொல்லுகிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் கத்தோலிக்கர் வாழும் நாடு அது. அதிலே பிராலின் என்றொரு சிறு தீவு. இரட்டைத் தேங்காய் காய்க்கும் அதன் பனைக்காட்டை யுனெஸ்கோ 1983-ல் உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. அந்நாட்டின் தேசியப் பறவையாகிய கருங்கிளி அத்தீவில்தான் கூடு கட்டுகிறது. பூமியில் வேறெங்கும் அதற்கு வீடில்லை. எண்ணிப் பார்த்தால் ஆயிரம்கூடத் தேறாது.

அடுத்த தீவாகிய மாஹேயில், வீடுகளில் வளர்த்த வேற்றுநாட்டுக் கிளிகள் சில வெளியேறிக் காட்டில் பெருகின. என்ன கிளி தெரியுமா? நம் தோப்புகளில் கொய்யாப் பழம் கொத்துகிற, கழுத்தில் ஆரமிட்ட அதே பச்சைக்கிளிதான்! அது பிராலினுக்குப் பறந்துவிட்டால் மரப்பொந்துகளுக்குப் போட்டியிடும். அலகையும் இறகையும் அழிக்கும் தொற்றுநோயையும் கொண்டுபோகக்கூடும். அந்நோய் மொரீஷியஸ் தீவின் சொந்தக் கிளிகளைப் பிடித்து வாட்டியது. சீஷெல்சுக்கே உரியதான இன்னொரு கிளி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அற்றுப்போய்விட்டது. ஆகவே அங்குள்ள அறக்கட்டளை ஒன்று பல ஆண்டுகள் பாடுபட்டு, ஐந்நூறுக்கு மேற்பட்ட பச்சைக்கிளிகளைக் கொன்று தீர்த்தது. ஒன்றும் மீதியில்லை என்று 2019-ல் அறிவித்தார்கள்.

குற்றமறியாத பிராணியைக் கொல்வது நியாயமா? கொன்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பச்சைக்கிளிக்கு ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை இடமுண்டு. கருங்கிளிக்கு ஒரே தீவு. ஆனால் அந்தக் காரணம் பச்சைக்கிளியைக் குற்றவாளியாக்கிவிடாது. நட்டம் விளைத்தவனே ஈடு செய்யவேண்டும் என்பது நாம் அறிந்த நீதி. இங்கோ விற்றவன் பணம் பெற்றான். வாங்கியவன் கொஞ்சி மகிழ்ந்தான். காவலின்றி விட்டவன் மறந்துபோனான். கடனைத் தன் உயிரால் தீர்த்தது கிளி.

"என் காசு, என் பிராணி, சர்க்காருக்கு இதில் என்ன?" என்று கேட்பவர் உண்டு. வேலிக்குள் நிற்கும் பொருளானால் அப்படிச் சொல்லலாம். குஞ்சு பொரிக்கும் பொருளுக்கு அந்த வாதம் செல்லாது. துறைமுகத்திலேயே தடுப்பதுதான் பிராணிக்கும் இரக்கம். அதிலும் தடைப்பட்டியல் போட்டால் போதாது. சிவப்புக்காது ஆமையின் இறக்குமதியை ஐரோப்பியர் 1997-ல் தடுத்தார்கள்; வியாபாரிகள் வேறு ஆமையைக் கொண்டுவந்தார்கள்! நியூசிலாந்தின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கெட்டிக்காரத்தனமானது: புதிய உயிரினம் எதுவும், ஆராய்ந்து அனுமதித்தாலொழிய, உள்ளே வரலாகாது. நம் நாட்டிலும் வனவிலங்குச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், கேடு செய்யும் அந்நிய இனங்களைக் கட்டுப்படுத்த மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

அந்தச் சிவப்புக்காது ஆமை நம் பட்டணத்து மீன்கடைகளிலும் விற்றதுண்டு. வாங்கும்போது ரூபாய் நாணயமளவு. வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டளவு. முப்பது வருஷம் உயிரோடிருக்கும். தொட்டி நாறத் தொடங்கியதும் பிள்ளைகள் அழ அழ, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஊர்க்குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குளத்தில் நம் நாட்டு ஆமையும் இருக்கிறதே, அதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வனத்துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். இனிமேல் வாங்கப் போகிறவர்கள், அது எத்தனை வருஷம் வாழும் என்று முதலில் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.