பெருத்த உடம்புக்கும் ஓர் இடம்

அமெரிக்கக் கால்பந்து பார்க்க உட்கார்ந்தால் என் கண் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கிடம் நிற்பதில்லை. அவருக்கு முன்னால் குனிந்து நிற்கிறார்களே, அந்த ஐந்து பேரிடம் போய்விடுகிறது. ஆளுக்கு 130 கிலோவுக்குக் குறையாது. நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வரும் பெரும்பாலும் பந்தைத் தொடாமலே ஆட்டத்தை முடிப்பார்கள். ஆனால் நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டிய அந்த ஆட்டத்தில், இவர்கள் எதிராளியைத் தடுக்காவிட்டால் பந்து ஓர் அடிகூட நகராது. மதுரை மாசி வீதிகளில் சித்திரைத் தேர் வரும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களைப் போல. கூட்டம் அண்ணாந்து பார்க்கும். தேர் திரும்புவது கீழே இருப்பவர் கையில்.

மதுரை மைதானங்களில் அப்படிப்பட்ட உடம்புக்கு என்ன மரியாதை? அணி பிரிக்கும்போது டி-சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டபடி ஒரு பையன் கடைசிவரை நிற்பான். பிறகு அவனை அம்பயர் ஆக்குவார்கள். கபடியிலும், ஆண்கள் பிரிவில் 85 கிலோ தாண்டினால் போட்டியில் இறங்க முடியாது. அவன் உடம்பையே பலமென்று கேட்டு வாங்கிக்கொள்ளும் ஓர் ஆட்டம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அவன் நெஞ்சு எப்படி நிமிரும்! அந்த ஆட்டத்தின் கவர்ச்சி எனக்கு அதுதான்.

அதற்கு விலையும் உண்டு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் அந்த நடு இடத்தில் ஆடியவர். 2002-இல் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்பத் தலையில் வாங்கிய இடியின் சேதத்தை அதில் கண்டார். எந்தப் பிள்ளையையும் அந்த வழியில் அனுப்ப எனக்கு மனம் வராது.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, இதே ஆட்டத்தின் இன்னொரு வடிவமான கொடிக் கால்பந்தை 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்த்தது. அணிக்கு ஐந்து பேர். இடுப்பில் தொங்கும் கொடியை உருவினால் போதும், மோதலே கிடையாது. தலை தப்பியது, நல்லது. ஆனால் தடுப்பாட்டமும் போய்விட்டதே! ஓடத் தெரிந்தவனுக்கே மறுபடியும் எல்லாம்.

அதனால் நம் ஊர் பி.டி. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொடிக் கால்பந்தைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். கூடவே குண்டு எறிதலையும் பளு தூக்குதலையும் கயிறு இழுத்தலையும் விளையாட்டு விழாவுக்கு மட்டும் என்று வைக்காமல், வாரம் தவறாமல் நடத்துங்கள்.