கருவியின் கண் யார்மீது?

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பள்ளித் திடலை ஒட்டிய நிலத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று எழலாயிற்று. காலைச் சபைக்கூடலில் மாணவர்களின் பார்வை கொடிக்கம்பத்தில் நிற்பதில்லை. அதற்கும் அப்பால் வானளாவ நின்ற கோபுரப் பாரந்தூக்கியின் மேலேயே சென்று படியும். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “ஐயா, அந்தக் கை நம் திடலுக்கு மேல் வந்தால் யார் தடுப்பார்கள்?” என்று கேட்டாள். விடை எனக்குத் தெரியாது. ஆகவே மறுநாள் கட்டுமானத் தளத்திற்கே சென்று கேட்டேன்.

அங்கிருந்த பொறியாளர் இளைஞர், பொறுமையாக விளக்கினார். பள்ளி, சாலை, இருப்புப்பாதை போன்ற இடங்களைத் தடை எல்லைகளாகக் கணினியில் பதித்துவிடலாமாம். பாரந்தூக்கியின் கை எந்தக் கோணத்தில் திரும்பியுள்ளது, கொக்கி கோபுரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை உணரிகள் நொடிதோறும் அறிவிக்கும். சுமை எல்லையை நெருங்கினால் வேகம் குறையும், பின்னர் நின்றுவிடும். அருகருகே இரண்டு மூன்று பாரந்தூக்கிகள் இயங்கினால், அவை ஒன்றுக்கொன்று வானொலி அலை வழியே தத்தம் நிலையைத் தெரிவித்து மோதலைத் தவிர்க்கும். கொக்கியருகே பொருத்திய படக்கருவி, மேலே அறையில் அமர்ந்திருப்பவர் காண இயலாத மூலைகளையும் திரையில் காட்டும்.

இவற்றுள் எடையைப் பற்றிய காவலே மிகவும் எண்ணத்தக்கது. ஒரு பாரந்தூக்கியின் வலிமை ஒரே எண் அன்று. கோபுரத்தின் அருகில் 8 டன் தூக்கவல்ல ஒன்று, கையின் நுனியில் 2 டன்னுக்கே திணறலாம். எடையையும் தொலைவையும் பெருக்கி வருவதே அதன் உண்மையான பளு. அதனோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். அகன்ற அச்சுப் பலகை ஒன்று காற்றில் பாய்மரமாகிவிடும். முற்காலத்தில் இவற்றை இயக்குநர் அட்டவணையைப் பார்த்தும் அனுபவத்தாலும் கணித்தார். இன்று கணினி கணித்து, எல்லை மீறும் முன்பே ஒலியெழுப்புகிறது. வலியறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அச்சு முறியும் வண்டியை அங்கே காட்டினார். இன்று அவ்வறிவைப் பொறியிடம் ஒப்படைத்திருக்கிறோம். இதனால் பல உயிர்கள் காக்கப்படுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் அன்று பொறியாளரிடம் இன்னொரு வினாவும் கேட்டேன். எச்சரிக்கை ஒலித்த பின்னும் தூக்கினால் என்னாகும்? எல்லாம் பதிவாகும் என்றார் அவர்: எத்தனை மணிக்கு, எத்தனை டன், யார் இயக்கினார் என்பன யாவும். தூக்கச் சொன்னவர் யார் என்பதும் பதிவாகுமா என்று வினவினேன். அவர் சிரித்துவிட்டு, “அது தொலைபேசியில் வரும் ஐயா” என்றார்.

என் மனத்தில் தங்கிவிட்டது அந்த விடைதான். பள்ளியில் நாமும் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறோம். மாணவன் தாமதமாக வந்தது அதில் இருக்கும். அவனை ஏற்றிவந்த பேருந்து தாமதித்தது இராது. பதிவேடு பொய் சொல்வதில்லை. ஆனால் எதைப் பார்க்குமாறு அது அமைக்கப்பட்டதோ அதை மட்டுமே அது பார்க்கும். உணரியும் அவ்வாறே. அது கம்பியின் இழுவிசையை அளக்கும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தளத்தை முடித்தாக வேண்டும் என்னும் நெருக்கடியை அளக்காது. விபத்து நேர்ந்த பின் ஏட்டைப் புரட்டினால் ஒருவர் பெயரே தென்படும். அவர் மிக உயரத்தில் அமர்ந்திருப்பவர். ஆனால் அதிகாரத்தில் மிகத் தாழ்ந்தவர்களுள் ஒருவர்.

பெருவிபத்துகள் சிலவற்றை நோக்கினாலும் இது விளங்கும். 2008 மார்ச்சில் நியூயார்க் நகரில் கோபுரப் பாரந்தூக்கியை உயர்த்தும் பணியின்போது, எஃகு வளையமொன்றைத் தாங்கியிருந்த நார்ப்பட்டைகள் அறுந்தன. 7 பேர் மாண்டனர். அப்பட்டைகளுள் ஒன்று முன்பே சேதமுற்றிருந்தது. 2019 ஏப்ரலில் சியாட்டல் நகரில் பாரந்தூக்கியைப் பிரிக்கும்போது, பகுதிகளை இணைக்கும் ஆணிகளைத் தயாரிப்பாளரின் முறைக்கு மாறாக முன்கூட்டியே கழற்றிவிட்டிருந்தனர். காற்றொன்று வீசவே அது சாய்ந்தது. 4 பேர் இறந்தனர். அவர்களுள் இருவர் தெருவில் காரில் இருந்தவர்கள். இவ்விரண்டும் சுமை தூக்கும் வேளையில் நேர்ந்தவை அல்ல. பட்டையைக் கையால் தடவிப் பார்த்து “இது ஆகாது” என்று விலக்குவதற்கும், “ஆணியை இப்போது கழற்றாதே” என்று கூறுவதற்கும் மனிதரே வேண்டியிருந்தனர். அவ்வாறு கூறினால் நேரம் செலவாகும். நேரம் யாருடைய பணம் என்பது அனைவரும் அறிந்ததே.

சிங்கப்பூரில் 2024 ஜூன் முதல், 5 மில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் காணொளிக் கண்காணிப்புக் கருவிகள் கட்டாயமாக்கப்பட்டன. நல்லதே. ஆனால் அக்கருவிகள் நோக்குவது தலைக்கவசம் அணிந்தவரைத்தான். பணிக்கால அட்டவணை வரையும் அறையை அன்று. கண்காணிப்பு கீழ்நோக்கி மட்டுமே செல்லுமாயின், அது பாதுகாப்பு என்னும் பெயரில் பழியைக் கீழே இறக்கிவைக்கும் ஏற்பாடாகிவிடக்கூடும். எச்சரிக்கையைத் தாண்டித் தூக்குமாறு பணித்தவரின் பெயரும் அதே ஏட்டில், அதே மணித்துளியில் பதியப்பட வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தூக்க ஆணையிடுபவர் தம் அடையாளத்தைப் பதித்த பின்னரே பூட்டு விலகுமாறு செய்வது, உணரியைப் பொருத்துவதினும் எளிது. விருப்பந்தான் வேண்டும்.

நம் மலேசியாவில் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் உள்ள தொழிலாளி, முதலாளி அதனை நீக்கத் தவறினால் அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் துன்புறுத்தலாகாது என்று அது கூறுகிறது. அறவழி நோக்கின் இது எந்தக் கணினியினும் பெரிய காவல். ஆயினும் தளத்தில் பாரங்கட்டுபவர்களுள் பலர் கடன்பட்டுக் கடல் கடந்து வந்தவர்கள். நம் இரு நாடுகளிலும் அவர்களின் வேலை அனுமதி ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. ‘முடியாது’ என்னும் ஒரு சொல்லுக்கு ஊர் திரும்பும் விமானச் சீட்டே விலையாகலாம்.

அம்மாணவியிடம் தடை எல்லையைப் பற்றிச் சொன்னேன். படம் வரைந்தும் காட்டினேன். அவள் நிறைவடைந்தாள். ஆனால் அந்தக் கையின் கீழே, வேலியின் மறுபுறத்தில், தடை எல்லை எதுவும் வரையப்படாத இடத்தில் சிலர் நாள்தோறும் நின்று வேலை செய்தனர். அவர்களைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.