ஓடத்தின் வேகமும் உள்ளத்தின் ஓய்வும்

பழைய படகு ஒன்று இருக்கிறது. பிழைப்புக்கானதன்று, விடுமுறை நாளில் குடும்பத்தோடு நீரில் உலாவுவதற்கானது. பலகைகள் இன்னும் உறுதியாக உள்ளன. வேகம் மட்டும் போதவில்லை. கையில் சிறிது பணமும் சேர்ந்திருக்கிறது. ஆற்றல்மிக்க புதிய எஞ்சினைப் பூட்டலாமா? கண்மாய்களை நம்பி வாழும் ராஜபாளையத்தாருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூராருக்கும் இது அயலார் கவலையாகத் தோன்றலாம். ஆயினும் இதன் உள்ளே இருப்பது நம் ஊர்க் கேள்வியே: எதை விரைவுபடுத்த வேண்டும்? எதை அதன் போக்கில் விட்டுவைக்க வேண்டும்?

முதலில் இயற்கையின் விதியைக் கேட்போம். நீரை விலக்கிக்கொண்டு ஊரும் வகைப் படகுக்கு அதன் நீளமே எல்லை வகுக்கிறது. தான் எழுப்பும் அலையைத் தானே ஏறிக் கடக்க அதனால் எளிதில் இயலாது. நீரைத் தொடும் நீளம் 16 அடி என்றால் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டரே அதன் இயல்பான உச்ச வேகம். அதற்கு மேல் குதிரைத்திறனைக் கூட்டினால் முன்புறம் தூக்கும், பின்புறம் அமிழும், எரிபொருள் வீணாகும். கூடுதல் எடையும் அதிர்வும் பழைய பலகைகளின் பொருத்துவாய்களை நெகிழ்த்தும். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப்போடுவதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை (மத்தேயு 9:16) நினைவுக்கு வருகிறது.

ஆனால் இயலும் என்பதாலேயே ஒன்று தகுவதாகிவிடுமா? ஒரு பொருள் எதற்காக உண்டானதோ, அந்த நோக்கமே அதற்கு அளவுகோல். 1936-இல் ராஜபாளையம் மில் தோன்றியது. இவ்வூர் நூற்பாலைகளில் இன்று கதிர்கள் நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேலாகச் சுழல்கின்றன. அங்கே நூலே நோக்கம். தொழிலாளியின் நலனைக் கெடுக்காதவரை வேகம் அதற்கு உதவுகிறது.

ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் ஓடும் பெரிய தேரின் நோக்கம் வேறு. ஊரார் அனைவரும் ஒரே வடத்தைப் பிடிப்பதே அதன் பொருள். மரச்சக்கரக் காலத்தில் தேர் நிலைசேரப் பல நாள்கள் ஆயின. இரும்புச் சக்கரங்களும் பிரேக்கும் பொருத்திய பின் ஒரே நாளில் நிலைக்கு வருகிறது. அம்மாற்றம் சரியானதே. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோரின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது. உயிரைக் காக்கும் சீரமைப்பு அன்பின் செயல். வடம் போகவில்லை, அதைப் பிடிக்கும் கைகளும் போகவில்லை. மாறாக, இழுவை இயந்திரத்தைப் பூட்டி அரை மணியில் தேரை நிலைசேர்த்தால் வேகம் கிடைக்கும், திருவிழா போய்விடும்.

உல்லாசப் படகின் நோக்கம் ஓய்வு. உழைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல மனத்திற்கும் தேவை, விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று புனித தோமா அக்குவினா கற்பித்தார். அளவே அந்நற்பண்பின் உயிர். 1863-இல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியில் இன்றும் பயணிகளுக்குத் துடுப்புப் படகுகளும் மிதிபடகுகளுமே. அங்கே யாரும் எங்கும் விரைவாகப் போய்ச் சேர வேண்டியதில்லை; நீரின் மேல் இருப்பதே வேண்டியது. அத்தகைய இடத்தில் ஒருவர் பெறும் வேகம் பலருடைய அமைதியைப் பறித்துவிடும். புயலுக்கு முன் கரைசேர வேண்டிய மீனவருக்கு எஞ்சின் அரண். பொழுதைப் போக்க வந்தவருக்கு அதே எஞ்சின் விட்டு வந்த அவசரத்தின் தொடர்ச்சி.

1986-இல் கடும் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர் வற்றியபோது, இயேசுவின் காலத்தை ஒட்டிய படகு ஒன்று சேற்றிலிருந்து வெளிப்பட்டது. ஏறத்தாழ 27 அடி நீளம். பலவகை மரத்துண்டுகள் அதில் காணப்பட்டன. கிடைத்ததைக் கொண்டு அதை மீண்டும் மீண்டும் செப்பனிட்டு ஓட்டியிருக்கிறார்கள். செப்பனிடுதல் பொருளுக்கு நாம் செலுத்தும் நன்றி. விரைவுபடுத்துதல் பெரும்பாலும் நம் ஆசைக்கு நாம் செலுத்தும் வரி.

ஆகவே, ஓட்டையை அடையுங்கள், உயிர்காப்பு உடைகளை வாங்குங்கள், துடுப்பைப் புதுப்பியுங்கள். அதன்பின் மிச்சமிருக்கும் பணத்தை எஞ்சினுக்குத் தருமுன் இரண்டு கேள்விகள்: இவ்வேகம் யார் உயிரைக் காக்கும்? யார் ஓய்வைக் கெடுக்கும்? முதல் கேள்விக்கு விடை இல்லையெனில், அந்தப் பணத்திற்காகக் காத்திருக்கும் தேவை ஒன்று நம் பங்கிலேயே, நம் தெருவிலேயே இருக்கக்கூடும்.