பெயர் உடையோரும் பெயர் இழந்தோரும்

தோக்கியோ மாநகரின் நடுவே, பேரரசரின் அரண்மனைக்கு அணித்தே, யசுகுனி என்னும் ஷிந்தோ கோயில் உள்ளது. 1869ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. தோரி எனப்படும் பெருவாயிலைக் கடந்து செல்வோர், நீர்த்தொட்டியில் கையும் வாயும் தூய்மை செய்து, சன்னிதியின் முன் இருமுறை தலைதாழ்த்தி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குகின்றனர். அங்கு எவருடைய எலும்பும் இல்லை, சாம்பலும் இல்லை. ஜப்பானுக்காகப் போர்களில் மாண்டோராகப் பெயர் எழுதப்பெற்ற ஏறத்தாழ 24 இலட்சத்து 66 ஆயிரம் பேர் தெய்வங்களாகப் போற்றப்படுகின்றனர்.

தன் மக்களின் இறப்பை ஒரு நாடு நினைவுகூர்வது குற்றமாகுமா? நடுகல் நாட்டி வீரனின் பெயரைப் பொறித்து வழிபட்ட மரபில் வந்தோர் அவ்வாறு கூறுதல் இயலாது. மகனை இழந்த தாய்க்கு அழுவதற்கு ஓரிடம் வேண்டும். 1978இல், முதல்தரப் போர்க்குற்றவாளிகளாக விசாரிக்கப்பட்ட 14 பேரும் அங்குச் சேர்க்கப்பட்டனர். அதனால் எழுந்த பூசலை உலகம் அறியும். உலகம் அவ்வளவாக அறியாத ஒன்றும் அங்குண்டு.

கோயிலை அடுத்த போர்க் காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் கரிய நீராவி இரயில் எஞ்சின் ஒன்று நிற்கின்றது. சி56 வகையில் 31ஆம் எண் கொண்டது. 1943இல் சயாம் மரண இரயில் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது. 1979இல் தாய்லாந்திலிருந்து தாயகம் கொண்டுவரப்பட்டது. மலேசியத் தமிழர் ஒருவர் அதன்முன் வாளா கடந்து போதல் அரிது. 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதைக்காகப் பால்மரத் தோட்டங்களிலிருந்து ஆசைகாட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர், வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் ஆயிரமாயிரமாய் மாண்டனர். அங்கு இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் வரிசையாக உள்ளன. தோட்டத் தொழிலாளர்க்கோ முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. எஞ்சினுக்கு எண் உண்டு, வரலாறு உண்டு, திரும்பி வர ஒரு வீடும் இருந்தது.

யசுகுனியின் ஒரு புறத்தில், எல்லா நாட்டுப் போர்களிலும் இறந்தோர்க்கென 1965இல் எழுப்பிய சிறு கோயில் ஒன்றும் உண்டு. பெயரில்லாத அவ்வணக்கம் போதுமா? ஜப்பானியப் படையில் சேர்க்கப்பட்டு மாண்ட கொரியர், தைவானியரின் பெயர்களும் பெருங்கோயிலில் உள்ளன. அவற்றை நீக்குமாறு உறவினர் சிலர் வேண்டினர். ஒன்றிணைந்த ஆவிகளைப் பிரித்தல் இயலாது என்று கோயில் மறுத்தது. ஆகவே, பிறர் எழுதிவிடுவதாலும் குறை தீர்ந்துவிடுவதில்லை. அப்பெயரைச் சொல்லி அழைத்தோர்க்கே அதன்மீது உரிமை. எழுதி வைக்கும் கடமையும் அவர்களுடையதே.

இங்கேதான் கேள்வி தமிழர் பக்கம் திரும்புகின்றது. அப்பாதையிலிருந்து மீண்டவருள் பெரும்பாலோர் இன்று இல்லை. மீளாதோரின் பெயர்களைத் தம் பெற்றோர் வாய்க்கேட்ட முதியோர் சிலர் இன்னும் உள்ளனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிய மாணவர் எத்தனை பேர்?