ஆளில்லாத சந்நிதி

2020 மே 4 அன்று மதுரையில் மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாணம். மற்ற வருடங்களில் அந்த நாளில் மதுரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி வீதியில் பந்தல், சித்திரை வீதிகளில் ஜனசமுத்திரம், சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து, அம்மன் கல்யாணத்துக்கு மொய் எழுத நிற்கிற வரிசை. கொரோனா ஊரடங்கால் அந்த வருடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கோயிலுக்குள் சேத்தி மண்டபத்தில் நான்கே நான்கு சிவாச்சாரியார்கள் நின்று கல்யாணத்தை நடத்தி வைத்தார்கள். நேரலையில் அதைப் பார்த்தபடி வீட்டுக்கு வீடு சுமங்கலிகள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். வருடந்தோறும் வைகையில் இறங்குகிற கள்ளழகர் அந்த வருடம் ஆற்றுக்கே எழுந்தருளவில்லை. பெரிய குறை என்று அன்றைக்கு ஊரே வருந்தியது. வருத்தம் நியாயமானதுதான். ஆனாலும் நிதானமாக யோசித்துப் பாருங்கள்: அந்தத் திருக்கல்யாணத்தில் எது குறைந்தது? முகூர்த்தம் தவறவில்லை, மந்திரம் விடுபடவில்லை, மாலை மாற்றுவதும் மாங்கல்யதாரணமும் முறைப்படி நடந்தன. குறைந்தது நாம்தான்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் பக்தர்களுக்குச் சாத்திய நடை, பெரிய கோயில்களில் செப்டம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் உள்ளே கால பூஜை நிற்கவில்லை. பள்ளியெழுச்சி நடந்தது, அபிஷேகம் நடந்தது, தளிகை ஏறியது, அர்த்தஜாமத்தில் பள்ளியறைக் கதவு சாத்தப்பட்டது. தீபாராதனைத் தட்டை ஏந்தி வெளியே வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒருவரும் இல்லை. அப்படியும் தீபாராதனை நடந்தது. ஊரடங்கால் விளைந்த நன்மைகள் என்று ஆளுக்கொரு பட்டியல் அந்த நாட்களில் வந்தது. ஏப்ரலில் ஜலந்தர் நகரத்து மொட்டை மாடிகளிலிருந்து தௌலாதார் பனிமலை தெரிந்ததைப் படம் படமாகப் போட்டார்கள். குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது என்றார்கள். எல்லாம் உண்மை, பேசித் தீர்ந்ததும்கூட. வண்டிகள் ஓடத் தொடங்கியதும் புகை திரும்பிவிட்டது. நான் சொல்ல வருகிற நன்மை அவ்வளவு சுலபமாகக் கலைந்துபோகாது. பார்க்க ஒருவரும் இல்லாதபோதும் செய்யப்படுகிற காரியம் எது, பார்ப்பதற்கு ஆள் இருந்தால் மட்டும் செய்யப்படுகிற காரியம் எது என்பது அந்த ஐந்து மாதத்தில் பிரிந்து தெரிந்தது. கோயிலில் தெரிந்தது, வீட்டிலும் தெரிந்தது. சாதாரண நாட்களில் இரண்டும் கலந்தே கிடக்கும். நாம் எதற்காகச் செய்கிறோம் என்று நமக்கே சொல்லத் தெரியாது.

இந்தப் பேதத்தை நம்முடைய மரபு முன்பே அறிந்திருக்கிறது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பூசலார் வரலாற்றைச் சொல்கிறார். திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை. கையில் காசில்லை. எங்கெங்கோ தேடியும் பொருள் சேரவில்லை. பிறகுதான் மனத்துக்குள் கட்டத் தொடங்குகிறார். நமக்கு இந்தக் கதை மனக்கோயில் கதையாக மட்டுமே பழகிப்போனதால், அவர் அதைக் கட்டிய விதத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கண்ணை மூடினார், கோயில் வந்துவிட்டது என்று சேக்கிழார் சொல்லவில்லை. மனத்திலேயே பொருள் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்துக் கால்கோள் செய்கிறார், இரவிலும் கண் துஞ்சாமல் வேலை நடத்துகிறார். விமானம், சிகரம், கிணறு, திருக்குளம், மதில் என்று ஒன்றையும் விடவில்லை. சுதை வேலைகூட நடக்கிறது. மெய்யான கோயிலுக்கு எவ்வளவு காலம் பிடிக்குமோ அவ்வளவு காலம் இதற்கும் பிடிக்கிறது. அதே சமயம் காஞ்சியில் காடவர் மன்னன் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். இறைவன் அவன் கனவில் வந்து, நாளைக்கு நான் திருநின்றவூரில் அன்பன் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ உன் நாளைத் தள்ளி வைத்துக்கொள் என்கிறான். மன்னன் ஓடி வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று ஊராரைக் கேட்கிறான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்கிறார்கள். இந்த வரலாற்றின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. இத்தனை காலம் நடந்த திருப்பணி அதே தெருவில் இருந்தவர்களுக்கே தெரியாது. பார்வையாளர் ஒருவரும் இல்லாமல், ஒரு செங்கல்லையும் விட்டுவிடாமல் நடந்த வேலை அது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும், வரவும் வேண்டும். வீடும் அரிசியும் இருந்தவர்களுக்கு ஊரடங்கு தவம் மாதிரி இருந்திருக்கலாம். நடந்தே ஊருக்குப் போனவர்களுக்கு என்ன நன்மை என்று கேட்பீர்கள். மீனாட்சி கல்யாணம் நடந்த நான்காம் நாள், மே 8 விடியற்காலை, மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே ரயில் பாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. 16 பேர் இறந்தார்கள். ஜால்னாவில் வேலை போய், மத்தியப் பிரதேசத்துக்கு நடக்கத் தொடங்கியவர்கள். ரயில் ஓடாது என்று நம்பித் தலை சாய்த்தவர்கள். வழிக்கென்று அவர்கள் கட்டி எடுத்து வந்த ரொட்டிகள் தண்டவாளத்துக்கு நடுவே சிதறிக் கிடந்ததை நாடே பார்த்தது. இதை வைத்துக்கொண்டு, நம்மைத் திருத்த ஆண்டவன் அனுப்பிய பாடம் கொரோனா என்று மேடையில் பேசுவது எனக்கு ஒப்பாது. நம்மில் சிலர் அப்படிப் பேசவும் செய்தார்கள். யாரோ செத்து நமக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பது என்ன தத்துவம்? துன்பத்தின் நடுவே ஒரு நன்மை கண்ணில் பட்டது என்பது வேறு, அந்த நன்மைக்காகத்தான் துன்பம் வந்தது என்பது வேறு. பூசலார் ஏழ்மையை வாழ்த்திப் பாடவில்லை. பொருள் தேடி அலைந்து, கிடைக்காமல் நொந்த பிறகுதான் உள்ளே திரும்பினார். கிடைத்திருந்தால் கல்லில்தான் கட்டியிருப்பார்.

இந்த மறுப்பு என் வாதத்தை இன்னும் இறுக்குகிறது என்றே நினைக்கிறேன். பார்க்க ஆளில்லாத பக்தி மெய்யா பொய்யா என்று சோதிக்க ஒரு உரைகல் வேண்டுமே. அது பசித்தவன் வயிறு. டெல்லி பங்களா சாகிப் குருத்வாராவைப் பாருங்கள். ஊரடங்கில் அங்கேயும் வழிபட வருவோருக்கு வாசல் அடைத்தாயிற்று. அடுப்பு மட்டும் அணையவில்லை. சுமார் நான்கு டஜன் பேர், நோயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று அங்குள்ள விடுதியிலேயே படுத்து எழுந்து, நாள்தோறும் பல்லாயிரம் பேருக்குச் சமைத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாதாரண நாளில் லங்கர் என்கிற பொது உணவுக்கூடத்தில் பந்தி நடக்கும். பரிமாறுகிறவர் எதிரே உண்பவர் முகம் இருக்கும், அதில் ஒரு திருப்தி இருக்கும். இப்போது அந்த முகமும் இல்லை. பாத்திரம் நிரம்பும், வண்டி ஏறும், போகும். பசி தீர்ப்பதையே வழிபாட்டின் வாசலாக வைத்த வள்ளலார், 1867-ல் வடலூரில் ஏற்றிய அடுப்புக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அடுத்தது வீடு. முன்பெல்லாம் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு வந்து சேர்ந்த ஆண்கள், இரண்டு மாதம் முழுசாக வீட்டில் இருந்தார்கள். மாவு எப்போது அரைபடுகிறது, தண்ணீர் எத்தனை முறை பிடிக்கிறார்கள், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு நாளில் எத்தனை தடவை துணி மாற்ற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணெதிரே நடந்தது. ஆளில்லாத சந்நிதியில் நடக்கிற நித்திய பூஜை ஒன்று தங்கள் வீட்டு அடுக்களையிலேயே வருடக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது என்று பலருக்கு அப்போதுதான் உறைத்தது. பார்த்ததால் என்ன ஆயிற்று, வேலை கூடியதுதானே என்று பெண்கள் கேட்டால், அதற்குச் சாமர்த்தியமான பதில் இல்லை. வேலை கூடியது உண்மை. அதைவிடக் கொடுமையும் நடந்தது. ஊரடங்கு தொடங்கிய சில வாரங்களிலேயே தேசிய மகளிர் ஆணையத்துக்கு வீட்டு வன்முறைப் புகார்கள் கூடி, ஏப்ரலில் அதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் எண்ணை ஆணையம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே வீட்டில் அடைபட்டால் அன்பு தானாக ஊறும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாமல் இருந்தது தெரிந்துவிட்டது. இனி தெரியாது என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் கிடைத்தது. அதை அற்பம் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு கேள்வி, ஆகமம் அறிந்தவர்களே கேட்பது. கூட்டம் வேண்டாம், விழா வேண்டாம், மனத்திலேயே போதும் என்றால் தேர் எதற்கு, திருவிழா எதற்கு? நான் அப்படிச் சொல்லவில்லை. காடவர்கோன் கட்டிய கோயிலை இறைவன் வேண்டாம் என்று தள்ளவில்லை. நாளைத்தான் தள்ளிப்போடச் சொன்னான். அவன் கட்டியதாகச் சொல்லப்படும் கைலாசநாதர் கோயில் இன்றைக்கும் காஞ்சியில் நிற்கிறது. உள்ளே போக முடியாதவர்களுக்காகத் தெய்வம் தெருவுக்கு வருவதுதான் உற்சவம். 2022-ல் அழகர் மறுபடி வைகையில் இறங்கியபோது திரண்ட ஜனத்தின் சந்தோஷத்தை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கூட்டத்தில் சிக்கி இருவர் உயிர் போனதும் அதே நாளில்தான். முண்டியடித்துக் கிடைத்தால்தான் தரிசனம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமையை அந்த ஆளில்லாத கல்யாணம் நமக்குக் கொடுத்திருக்கிறது. நேரலை வந்ததும் எல்லோரும் வெறும் பார்வையாளர்களாக ஆகிவிடவில்லையா என்பதும் சரியான கேள்விதான். சோபாவில் சாய்ந்து, காபி குடித்துக்கொண்டே பார்த்தவர்கள் உண்டு. அதே நேரலையைப் பார்த்துக் குளித்து, கோலமிட்டு, விளக்கேற்றி, கயிறு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. இவர்களை ஒரு கேமராவும் படம் பிடிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு சரியாகாது. பெரிய கோயில்களில் சம்பளம் உண்டு. ஒரு கால பூஜை நடக்கிற கிராமத்துக் கோயில்களில் பூசாரிக்கும் அர்ச்சகருக்கும் அப்போது தட்டில் விழுகிற காசுதான் ஜீவனமாக இருந்தது. வருகிறவர் இல்லையென்றால் தட்டும் காலி. 2021-ல் மறுபடி ஊரடங்கு வந்தபோது தமிழக அரசு, மாதச் சம்பளம் இல்லாத அர்ச்சகர்கள், பட்டாச்சாரியார்கள், பூசாரிகளுக்குத் தலா 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகையும் கொடுக்க வேண்டி வந்ததே, அவர்கள் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டிலிருந்தபடியே நாம் நிம்மதியாகக் கும்பிட்ட மாதங்களில் அங்கே எண்ணெய்க்கும் திரிக்கும் அவர்கள்தான் வழி பார்த்தார்கள். உங்கள் குலதெய்வம் கோயில் எந்த ஊரில் இருக்கிறது, அங்கே யார் பூஜை செய்கிறார், அந்த மாதங்களில் அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவர்கள் இந்த வாரம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.