கரி படிந்த பிளக்கும் மலைமேல் புகையும்

ஒரு பழைய ஜிப்சி ஜீப்பின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி மெக்கானிக் ஒரு துணியில் வரிசையாக வைக்கிறார். முனை இளம்பழுப்பாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுக்கிறார். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது என்கிறார். பீங்கான் வெளுத்துப் பொரிந்திருந்தால் சூடு அதிகம், ஈரப் பிசுக்காக இருந்தால் ஆயில் ஏறுகிறது. ஓடும் இன்ஜினுக்குள் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் உள்ளே என்ன நடந்தது என்று அடித்துச் சொல்கிறார். மலைமேல் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று சொன்ன தர்க்க நூலார் செய்ததும் இதுவேதான்.

எதைக் கொண்டு ஒன்றை அறிந்ததாகச் சொல்லலாம் என்பது தமிழில் நெடுங்காலமாக நடக்கும் வழக்கு. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளில் அளவைவாதி அறியும் வழிகளைப் பத்தாக விரிக்கிறான். பூதவாதி கண்ணால் காண்பது ஒன்றே போதும் என்கிறான். பின்னால் பௌத்த ஆசான் அறவண அடிகள் காட்சி, கருத்து என்று இரண்டோடு நிறுத்துகிறார். 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாச்சாரியார், எத்தனை வகை சொன்னாலும் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று கணக்கை முடிக்கிறார். காட்டுப் பாதையில் ஓட்டுகிற ஜீப்புக்குப் புது பிளக் வாங்கப் போகிறவரிடமும் இந்த மூன்றும்தான் இருக்கின்றன.

முதலில் கண். என்ஜிகே நிறுவனத்தின் பிபிஆர்5இஎஸ், பிபிஆர்6இஎஸ் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. இரண்டுக்கும் மரை விட்டம் 14 மில்லிமீட்டர், மரை நீளம் 19 மில்லிமீட்டர். வேறுபடுவது நடுவில் உள்ள எண். அது பிளக் எவ்வளவு விரைவாகத் தன் சூட்டை இன்ஜின் தலைக்குக் கடத்திவிடும் என்பதைக் குறிக்கிறது: விரைவாகக் கடத்துவது குளிர்ந்த பிளக், மெதுவாகக் கடத்துவது சூடான பிளக். பிளக்கின் முனை சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தங்கினால் படியும் கரி எரிந்து போகாது. 850 டிகிரியைத் தாண்டினால் பொறி விழுவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். சாலையில் ஓடும் காருக்கு இந்த இடைவெளி தாராளம். பாறைமேல் லோ கியரில் ஊர்ந்துகொண்டும், நிறுத்தி நிறுத்தி வழி பார்த்துக்கொண்டும் காலைப்பொழுதைக் கழித்து, மாலையில் மணல் மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடிக்கிற வண்டியோ ஒரே நாளில் இரண்டு எல்லைகளையும் உரசிவிடும். ஐந்தா ஆறா என்ற கேள்விக்குப் பூதவாதியின் கண்ணில் விடை இல்லை.

எனவே உரை. வண்டியோடு வரும் கையேட்டில் ஓர் எண் அச்சாகியிருக்கிறது. முனையில் வெப்பமானி பொருத்திய பிளக்குகளை மாட்டி, இன்ஜினைப் பல பாரங்களில் ஓட்டிப் பார்த்துத்தான் இத்தகைய எண்ணைத் தேர்கிறார்கள். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவர் யார் என்பதற்கு ஓர் இலக்கணம் சொல்கிறார்: பொருளை நேரே அறிந்தவராக இருக்கவேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பம் உடையவராக இருக்கவேண்டும். அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்க்கிறார். அவ்வளவு பழைய உரையாசிரியருக்குத் தாராள மனசுதான். ஜப்பான்காரர் போட்ட எண்ணை ஏற்க அந்த இலக்கணம் தடையில்லை.

ஆனால் அதே இலக்கணம், "என் ஜீப்புக்கு இதைத்தான் போட்டேன், பிய்த்துக்கொண்டு போகிறது" என்று சொல்லும் நண்பரைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்கும். அவர் சொல்வது ஒப்புமை. அவர் வண்டி வேறு, ஓட்டும் பாதை வேறு. கம்பெனி மாற்றும்போது இந்த ஒப்புமை நேர்மாறாகவே போய்விடும்: என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் ஏற ஏறச் சூடான பிளக். இரிடியம் பற்றிய பெருமையும் இந்த வகைதான். இரிடியம் 2,446 டிகிரியில்தான் உருகும் என்பதால் நடுமுனையை 0.4 மில்லிமீட்டர் வரை மெலிதாக்க முடிகிறது. குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும், ஆயுளும் நீளம். எனினும் பீங்கானில் கரி மூடி மின்சாரம் வழிமாறிப் போனால் எந்த உலோகமும் காப்பாற்றாது. சேற்றிலும் ஓடைநீரிலும் இறங்கி, அடிக்கடி பிளக்கைக் கழற்ற நேரும் வண்டிக்கு, கையேடு இரிடியத்தைக் கேட்காதவரை, விலை குறைந்த நிக்கல் முனை பிளக்கும் டூல் பாக்ஸில் ஒரு மாற்று செட்டும் மேல்.

வில்லங்கம் பிறப்பது கருதலில். கார்புரேட்டர் வைத்த பழைய ஜிப்சி ஒன்று லடாக்கில் கர்துங் லா ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,300 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. காற்று மெலிந்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. இழுவை போய்விடுகிறது, கழற்றினால் பிளக் கன்னங்கரேல். "பிளக் குளிர்ந்தது, ஒரு படி சூடானதைப் போடு" என்ற முடிவு நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை நம்பி மாற்றியவர் கீழே இறங்கி, சமவெளி வெயிலில் பாரத்தோடு ஓட்டும்போது, அதே பிளக் பிஸ்டனுக்கே எமனாகலாம்.

பழைய நூல்கள் இந்தப் பிழையை அப்போதே பிடித்து வைத்திருக்கின்றன. புகை இருந்தால் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று திருப்பிச் சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? ஈர விறகு என்ற நிபந்தனை நடுவில் ஒளிந்திருக்கிறது. குளிர்ந்த பிளக் கரி பிடிக்கும் என்பது உண்மைதான். கரி பிடித்த பிளக்கெல்லாம் குளிர்ந்தது என்று திருப்பினால் இதே கதைதான். அடைத்த ஏர் ஃபில்டர், மாட்டிக்கொண்ட சோக், பலவீனமான காயில், உயரமான மலை, வெறுமனே நீண்டநேரம் ஐட்லிங் என எதிலிருந்தும் அந்தக் கறுப்பு வரும். காட்சியே திரிந்துபோவதும் உண்டு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்தக் காலத்துப் பெட்ரோல் பிளக்கில் விட்டுச்சென்ற நிறங்களை வைத்துப் பழகிய கண், இன்றைய பிளக்கின் வெளிர்முனையைப் பார்த்துச் சூடு அதிகம் என்று தவறாகப் படிக்கலாம்.

விவரமறிந்த மெக்கானிக் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். நான்கும் ஒரேமாதிரி கறுத்திருந்தால் காரணம் நான்குக்கும் பொதுவான இடத்தில்: ஃபில்டர், கார்புரேட்டர், ஏறிய மலை. மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அவர் புது பிளக் எடுப்பதில்லை. மூன்றாம் சிலிண்டரில் இருந்த கறுத்ததைத் துடைத்து ஒன்றாம் சிலிண்டரில் மாட்டுகிறார். ஒன்றில் இருந்த நல்லதை மூன்றில். வண்டியைக் கொஞ்சதூரம் பாரத்தோடு ஓட்டி, ஐட்லிங்கில் விடாமல் அப்படியே அணைத்து, மறுபடி கழற்றுகிறார். கறுப்பு பிளக்கோடு சேர்ந்து ஒன்றாம் சிலிண்டருக்கு வந்திருந்தால் குறை பிளக்கில்; கடைக்குப் போகலாம், கையேட்டு எண்ணையே கேட்கலாம். மூன்றாம் சிலிண்டரிலேயே தங்கிவிட்டிருந்தால் ஒயரையும் வால்வு சீலையும் பிஸ்டன் ரிங்கையும் பார்க்கவேண்டும். அன்வயம் (இது இருக்குமிடத்தில் அதுவும் இருக்கும்), வெதிரேகம் (அது இல்லாத இடத்தில் இதுவும் இல்லை) என்று மணிமேகலை பேசும் சோதனையை, அந்தப் பெயர்களைக் கேள்விப்படாமலே, ஒரு பாக்ஸ் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அவர் முடித்துவிடுகிறார்.